பார்த்துக்கொள்கிறாரா, பார்த்துக்கொண்டிருக்கிறாரா?

கேள்வி: எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. மனைவிக்கு உண்டு. பிள்ளை பிறந்தால் எதையும் திணிக்க வேண்டாம், வளர்ந்ததும் அதுவே முடிவு செய்துகொள்ளட்டும் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். மகளுக்கு இப்போது எட்டு வயது. ஏழு மாதங்களுக்கு முன் என் மாமனார் காலமானார். மகள் தாத்தாவின் செல்லம். அதற்குப் பிறகு மாமியார் எங்களோடு இருக்கிறார். இரவில் பேத்தியைப் படுக்க வைக்கும்போது, “கடவுள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீ நல்ல பிள்ளையாக இருந்தால் தாத்தாவை நன்றாக வைத்திருப்பார்” என்று சொல்கிறார். இப்போது மகள் பிரார்த்தனையைத் தினமும் ஏழு முறை சொல்கிறாள். ஒரு வார்த்தை பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து. போன வாரம் இரவு பதினோரு மணி ஆகியும் போர்வைக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பொறுமையிழந்து, “கடவுளும் இல்லை, ஒன்றும் இல்லை, தூங்கு” என்று கத்திவிட்டேன். “அப்படியென்றால் தாத்தா எங்கே?” என்று கேட்டு விடிய விடிய அழுதாள். மனைவி என்னோடு பேசுவதில்லை. மத நம்பிக்கை குழந்தைகளுக்கு ஆறுதலா, தீங்கா? தீங்குதான் என்று ஆதாரத்தோடு எழுதினால் மனைவியிடம் காட்டுவேன். உங்களுக்கு நம்பிக்கை உண்டா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பின்குறிப்பு: தாத்தாவின் மூக்குக்கண்ணாடியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். எடுத்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

ஆதாரம் தருகிறேன். ஆனால் மனைவியிடம் காட்டுவதற்காக எழுதமாட்டேன். எனக்கு நம்பிக்கை உண்டா என்பதையும் சொல்லப்போவதில்லை. எப்படிச் சொன்னாலும் உங்கள் இருவரில் ஒருவர் இந்தப் பதிலைப் பாதியிலேயே மடித்து வைத்துவிடுவீர்கள். இருவரும் கடைசிவரை படித்தாக வேண்டும். உங்கள் வீட்டில் எந்த மதம் என்று எழுதாமல் விட்டதும் நல்லதுதான். ஏறக்குறைய இதே கடிதம் பல மதத்து வீடுகளிலிருந்தும் எனக்கு வந்திருக்கிறது.

முதலில் குழந்தையைப் பார்ப்போம். கடவுளைப் பிறகு பார்க்கலாம்.

ஏன் ஏழு முறை என்று அவளிடம் கேட்டீர்களா? கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மாமியார் சொன்னது இருக்கிறது, நீங்கள் கத்தியது இருக்கிறது, மனைவி பேசாமல் இருப்பதும் இருக்கிறது. மகள் சொன்னதாக இருப்பது ஒரே ஒரு வரி. அதுவும் ஒரு கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒன்பது வயதுப் பையன் ஒருவனை அழைத்து வந்தார்கள். எந்த அறைக்குள் நுழைந்தாலும் வாசலில் நின்று ஏதோ முணுமுணுத்த பிறகுதான் காலை எடுத்து வைப்பான். வீட்டில் அதைப் பக்தி என்று முதலில் பாராட்டினார்கள், பிறகு பிடிவாதம் என்று அடித்தார்கள். மூன்றாவது சந்திப்பில், மேசையில் படம் வரைந்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னான். படுத்த படுக்கையாக இருந்த பாட்டி ஒரு நாள் மாலை தண்ணீர் கேட்டிருக்கிறார். இவன் விளையாட்டு மும்முரத்தில் “இரு பாட்டி, வருகிறேன்” என்று சொல்லிவிட்டு மறந்துவிட்டான். மறுநாள் பாட்டி இல்லை. ஒரு வருடமாக வீட்டில் வேறு யாருக்கும் தெரியாத கொலைக்குற்றத்தை அந்தப் பையன் தனியாகச் சுமந்துகொண்டு ஒவ்வொரு வாசலிலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இது அவன் ஒருவனுடைய வினோதம் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த வயது மனம் கணக்குப் போடும் விதமே இப்படித்தான். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, 1932-ல் வெளியிட்ட நூலில் குழந்தைகளிடம் கேட்ட கதை ஒன்று வருகிறது. ஒரு சிறுவன் தோட்டத்தில் ஆப்பிள் திருடிவிட்டு ஓடுகிறான். வழியில் உளுத்துப்போன பாலம் முறிந்து தண்ணீரில் விழுகிறான். திருடாமல் இருந்திருந்தால் பாலம் முறிந்திருக்குமா? ஆறேழு வயதுக் குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் முறிந்திருக்காது என்றார்கள். அவர்கள் கணக்கில் மரப்பலகைக்குக்கூடத் தண்டிக்கத் தெரியும். வயது ஏற ஏற இந்த எண்ணம் குறைகிறது, ஆனால் ஒரே நாளில் மறைவதில்லை. கடவுள் என்ற சொல்லையே கேள்விப்படாத வீட்டில் வளர்ந்தாலும் குழந்தை இப்படித்தான் யோசிக்கும். ஆகவே உங்கள் மகளின் குற்ற உணர்வை மாமியார் விதைத்திருக்க வாய்ப்பில்லை. அது ஏற்கெனவே முளைத்திருந்திருக்கும். மாமியாரின் வாக்கியம் அதற்குத் தண்ணீர் ஊற்றியது.

அந்த வாக்கியத்தை எட்டு வயதுக் காதால் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். “நீ நல்ல பிள்ளையாக இருந்தால் தாத்தாவை நன்றாக வைத்திருப்பார்.” பெரியவர்களுக்கு அது தாலாட்டு மாதிரி. குழந்தைக்கு அதில் ‘இருந்தால்’ என்ற சொல் மட்டும்தான் கேட்கிறது. செத்துப்போன தாத்தாவின் சுகதுக்கம் இனி அவள் கையில் இருக்கிறது. மேற்பார்வை இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு. ஒரு வார்த்தை பிசகினால் அங்கே தாத்தாவுக்கு என்ன ஆகுமோ, யார் கண்டார்கள்? அவள் இடத்தில் நான் இருந்தால் நானும் ஏழு முறை சொல்வேன். எட்டாவது முறையும் சொல்லிவைப்பேன்.

தமிழில் ஒரு விசேஷம் உண்டு. “கடவுள் பார்த்துக்கொள்வார்” என்றால் மடியில் சாய்ந்துகொள்ளலாம் என்று பொருள். “கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார்” என்றால் முதுகு நிமிர்ந்துவிடுகிறது. வினைச்சொல் ஒன்றுதான், துணைவினைதான் வேறு. என் அறைக்கு வரும் குழந்தைகளிடம் உங்கள் வீட்டுக் கடவுள் என்ன செய்வார் என்று கேட்பேன். இந்த இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் பதிலாக வரும். எது வருகிறது என்பதை வைத்தே அந்தக் குழந்தைக்கு நம்பிக்கை ஆறுதலா, பாரமா என்று பாதி தெரிந்துவிடும்.

இனி நீங்கள் கேட்ட ஆதாரம். 2015-ல் ஆறு நாடுகளைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று வெளியானது. மத நம்பிக்கை உள்ள குடும்பத்துக் குழந்தைகள் மற்றவர்களுக்குக் குறைவாகவே பகிர்ந்து கொடுக்கிறார்கள் என்றது அது. உலகம் முழுக்கச் செய்தியானது. நீங்களும் படித்திருக்கலாம். பிறகு வேறு ஆய்வாளர்கள் அந்தத் தரவை வாங்கிப் பார்த்தபோது ஒரு பிழை தெரிந்தது. நாடுகளை அடையாளம் காட்ட இட்ட எண்களை உண்மையான அளவுகள் போலக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். சரிசெய்தபோது அந்த முடிவு நிற்கவில்லை. 2019-ல் ஆய்வு திரும்பப் பெறப்பட்டது. வெளியானபோது எழுந்த சத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் திரும்பப் பெற்றபோது எழவில்லை.

மனைவி பக்கம் காட்டுவதற்கும் ஒன்று இருக்கிறது. அமெரிக்கச் செவிலியர்களின் பிள்ளைகள் 5,000-க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஹார்வர்டு ஆய்வு 2018-ல் வந்தது. சிறுவயதிலோ பதின்வயதிலோ வாரம் ஒரு முறையாவது வழிபாட்டுக்குப் போனவர்கள், போகவே போகாதவர்களைவிட, இருபதுகளில் கூடுதல் மகிழ்ச்சியோடு இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு அதிகம். போதைப்பொருள் பழக்கமும் அவர்களிடம் குறைவு. கடவுள் காரணமா, வாராவாரம் பத்துப் பெரியவர்கள் பெயர் சொல்லி விசாரித்த கதகதப்பு காரணமா என்பதை அந்த எண் பிரித்துச் சொல்லாது.

இந்த இரண்டையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கென்னத் பார்கமெண்ட் என்ற உளவியலாளர் குழுவினர் மருத்துவமனையில் இருந்த, 55 வயதைக் கடந்த 596 நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2001-ல் எழுதினார்கள். கடவுள் கைவிட்டுவிட்டார், அவருக்கு என் மேல் அன்பில்லை என்று உழன்றவர்களுக்கு அந்தக் காலத்துக்குள் இறக்கும் அபாயம் கூடுதலாக இருந்தது. பெரியவர்களைப் பற்றிய ஆய்வுதான். ஆனாலும் நான் தினமும் காண்பதற்கு அது பொருந்துகிறது. நம்பிக்கை இருக்கிறதா என்பதைவிட, எந்த மாதிரிக் கடவுளோடு ஒருவர் குடித்தனம் நடத்துகிறார் என்பதுதான் உடலையும் மனதையும் தொடுகிறது.

அந்தக் கடவுளின் முகம் குழந்தைக்கு எங்கிருந்து கிடைக்கிறது? ஸ்வீடனில் பேர் கிரான்குவிஸ்ட் குழுவினர் ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்குக் கதைகள் சொல்லி, கதையில் வரும் குழந்தையின் பொம்மைக்குப் பக்கத்தில் கடவுளைக் குறிக்கும் உருவை எங்கே வைப்பாய் என்று கேட்டார்கள். கதையில் குழந்தைக்கு ஆபத்து வந்தபோது, பெற்றோரிடம் பாதுகாப்பாக உணரும் பிள்ளைகள் கடவுளைப் பக்கத்தில் நகர்த்தினார்கள். அந்தப் பாதுகாப்பு இல்லாத பிள்ளைகள் அந்த அளவுக்கு நகர்த்தவில்லை. அப்பா அம்மா எப்படியோ கடவுளும் அப்படி. இது நம்பிக்கையாளருக்கும் நம்பாதவருக்கும் ஒருசேர உறைக்க வேண்டிய செய்தி. உங்கள் வீட்டில் பாட்டி எந்தக் கடவுளை அறிமுகப்படுத்தினாலும், நள்ளிரவில் கத்துகிற அப்பாவின் சாயல் அவரிடம் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். வருத்தப்படாதீர்கள், மறுநாள் காலை வந்து மன்னிப்புக் கேட்கிற அப்பாவின் சாயலும் ஒட்டும். கேட்டீர்களா என்று எழுதவில்லை. இன்னும் கேட்கவில்லை என்றால் இன்றே கேளுங்கள்.

நீங்கள் சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன். “கடவுளும் இல்லை, ஒன்றும் இல்லை.” உங்கள் கொள்கைப்படி முதல் பாதி சரியாகவே இருக்கட்டும். அந்த ‘ஒன்றும் இல்லை’யில் தாத்தாவும் சேர்ந்து போய்விட்டார். ஏழு மாதமாக அவள் தினமும் பாடுபட்டுக் காப்பாற்றி வைத்திருந்த மனிதரை ஒரே சொல்லில் இரண்டாவது முறை சாகடித்துவிட்டீர்கள். அவள் அழுதது கடவுளுக்காக இல்லை.

“தாத்தா எங்கே?” என்ற கேள்விக்குப் பொய் சொல்லாமலே பதில் சொல்ல உங்களால் முடியும். ஏழு வயதை ஒட்டிப் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சாவு என்றால் திரும்பி வராதது, எல்லோருக்கும் வருவது, உடலின் இயக்கம் அத்தனையும் நின்றுபோவது என்பது பிடிபட்டுவிடும். அதோடு இன்னொரு பேச்சும் அவர்கள் மனதில் இடம் பிடிக்கும். பால் ஹாரிஸும் மார்த்தா ஹிமெனெஸும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில் ஏழு வயது, பதினோரு வயது ஸ்பானியக் குழந்தைகளிடம் சாவைப் பற்றி இரண்டு விதமாகக் கதை சொன்னார்கள். கதையில் மருத்துவர் வந்தபோது, எல்லாம் நின்றுவிட்டது என்றார்கள். பாதிரியார் வந்தபோது, இன்னும் ஏதோ தொடர்கிறது என்று பலர் சொன்னார்கள். குழப்பம் என்று பதற வேண்டாம். பெரியவர்களும் மயானத்தில் ஒரு பேச்சு, மருத்துவமனையில் ஒரு பேச்சு என்றுதான் வாழ்கிறோம்.

ஆகவே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “தாத்தாவின் உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது. இனி அவருக்கு வலிக்காது, பயமிருக்காது. அவர் கடவுளிடம் இருக்கிறார் என்று அம்மாவும் பாட்டியும் நம்புகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பெரியவர்களே இதில் ஒத்துப்போவதில்லை. ஆனால் ஒரு விஷயம் எங்கள் மூன்று பேருக்கும் நிச்சயமாகத் தெரியும். நீ செய்த எதனாலும் தாத்தா சாகவில்லை. நீ எதைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இனி அவருக்கு ஒரு கெடுதலும் வராது.” கடைசி இரண்டு வரிகளை நீங்கள், மனைவி, மாமியார் மூவரும் தனித்தனியாக, ஒரே மாதிரி சொல்ல வேண்டும். இந்த வீட்டில் உடன்பட வேண்டிய சமயக் கொள்கை இது ஒன்றுதான்.

வளர்ந்ததும் முடிவு செய்துகொள்ளட்டும் என்ற ஒப்பந்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1989-ம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, 14-வது பிரிவில், குழந்தைக்கே சிந்தனை, மனசாட்சி, மதச் சுதந்திரம் உண்டு என்கிறது. அதன் திறன் வளர்வதற்கேற்ப வழிகாட்டும் உரிமையும் கடமையும் பெற்றோருக்கு உண்டு என்றும் சொல்கிறது. நீங்கள் இருவரும் வழிகாட்டுவதைப் பதினெட்டு வயதுக்குத் தள்ளிப்போட்டுவிட்டு, எட்டு வயதுக் கேள்விகளுக்குப் பதிலில்லாமல் நின்றீர்கள். காலியாகக் கிடந்த இடத்தில் பாட்டி வந்து உட்கார்ந்தார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

மாமியாரிடம் நீங்கள் பேச வேண்டாம், மனைவி பேசட்டும். அந்த அம்மா பேத்தியின் பக்கத்தில் படுத்துக்கொண்டு சொல்வது பேத்திக்கு மட்டும் சொல்வது அல்ல. கணவரை இழந்து ஏழு மாதம்தான் ஆகிறது. பிரார்த்தனையை நிறுத்தச் சொல்லாதீர்கள். “இருந்தால்” என்ற ஒரு சொல்லை எடுத்துவிடச் சொல்லுங்கள். “கடவுள் தாத்தாவைப் பார்த்துக்கொள்வார், நீ தூங்கு.” எனக்குத் தெரிந்து எந்தப் பாட்டியும் இதற்கு மறுப்புச் சொன்னதில்லை. பேத்தி போர்வைக்குள் என்ன செய்கிறாள் என்று எடுத்துச் சொன்னால் முதலில் பதறப்போவது அவராகத்தான் இருக்கும்.

மதத்தின் பெயரால் குழந்தைக்கு உண்மையான தீங்கு நடப்பதையும் பார்த்திருக்கிறேன். அங்கே நான் இப்படி நிதானமாக எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். பிரார்த்தனை போதும் என்று மருந்தை மறுப்பது அதில் ஒன்று. 1975 முதல் 1995 வரை அமெரிக்காவில் இப்படி இறந்த 172 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 1998-ல் வந்தது. அவர்களில் 140 பேருக்கு இருந்தது, சிகிச்சை கொடுத்திருந்தால் பிழைக்கும் வாய்ப்பு 90 விழுக்காட்டுக்கும் மேல் உள்ள நோய். கடவுள் சொன்னார் என்று பிரம்பெடுப்பது இன்னொன்று. ஒரு பெரியவர் செய்த அசிங்கத்தை வெளியே சொன்னால் கடவுள் தண்டிப்பார் என்று பிள்ளையின் வாயை அடைப்பது எல்லாவற்றிலும் கொடியது. இவற்றுக்குக் காவல்துறையும் நீதிமன்றமும் இருக்கின்றன. உங்கள் மாமியாரை அந்தக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

இரவு நேரத்துக்கு வருவோம். பிரார்த்தனையைத் தடை செய்யாதீர்கள். தடை செய்தால் அது போர்வைக்குள்ளிருந்து மனதுக்குள் போய்விடும், பிறகு எண்ணிக்கைகூட உங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து எண்ணவும் வேண்டாம். “சரியாகச் சொன்னேனா?” என்று கேட்பாள். ஒரு முறை பதில் சொல்லலாம். பத்து முறை சொன்னால் பதினோராவது முறையும் கேட்பாள், சமாதானம் சொல்லச் சொல்லத்தான் அந்தச் சந்தேகம் கொழுக்கும். மனைவி அவளோடு உட்கார்ந்து, ஒரே ஒரு முறை, மனப்பாட வரிகளுக்குப் பதில் சொந்த வார்த்தைகளில், வேண்டுமென்றே ஒரு சொல் தடுமாறியும் சொல்லிக் காட்டட்டும். தடுமாறிய பிறகும் விடிந்தது என்பதை அவள் பார்க்க வேண்டும். பிறகு விளக்கை அணைத்துவிட்டு நீங்கள் போய்ப் பத்து நிமிடம் தாத்தாவைப் பற்றிப் பேசுங்கள், அவர் குறட்டை விட்டதைப் பற்றியாவது. இந்த வேலைக்கு நம்பிக்கை தேவையில்லை.

மூன்று நான்கு வாரங்களில் குறையாவிட்டாலோ, ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே போனாலோ, தூக்கமும் பள்ளியும் கெட்டாலோ, குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஓசிடி எனப்படும் எண்ண சுழற்சி நோய் குழந்தைகளிடம் இந்த உருவத்திலும் தொடங்குவது உண்டு. அச்சத்தைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ள வைத்து, சடங்கைச் செய்யாமல் பொறுத்திருக்கப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது, நன்றாகப் பலன் தருகிறது. நம்பிக்கையை விட்டுவிடு என்று எந்த நல்ல மருத்துவரும் சொல்லமாட்டார். தேவைப்பட்டால் உங்கள் மதத்துப் பெரியவர் ஒருவரையே துணைக்கு அழைப்பார், ஏழு முறை சொல் என்று யாரும் கேட்கவில்லை என்பதை அவர் வாயால் சொல்லவைக்க. மதங்களுக்கே இது பழைய விஷயம். பதினாறாம் நூற்றாண்டில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டு மாதக்கணக்கில் தவித்தவர். அந்தத் தவிப்புக்கு லத்தீன் மொழியில் வைத்த பெயரின் பொருள், கூரான சிறு கல். செருப்புக்குள் ஒரு கல் சிக்கிக்கொண்டு தொல்லை கொடுத்தால், கல்லைத்தான் எடுக்க வேண்டும். பயணத்தையே கைவிடச் சொல்வதில்லை.

பின்குறிப்புக்கு வருகிறேன். கண்ணாடியை எடுக்காதீர்கள், அவளிடமே இருக்கட்டும். ஆனால் இன்றே அதற்கு ஒரு கெட்டியான கூடு வாங்கிக் கொடுங்கள். தூக்கத்தில் புரளும்போது அது உடைந்தால், அதற்கும் காலையில் தன்னையே காரணமாக்கிக்கொள்வாள்.